மாமனாருக்கு அடித்த நோட்டீஸ்

குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று ஒருவருக்குப் பெயர் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவரால் ஒரு சாவு வீட்டில்கூட நிம்மதியாக உட்கார்ந்து அழ முடியாது. மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதே யாராவது தோளைத் தொட்டு, "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்பார்கள். நமக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. அழுகையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அப்படிக் கிளம்பினேன். அப்போது புனேயில், கட்கி பஜாரில், ஜோஷி என்பவரின் டி.டி.பி. கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, டியூஷன் நோட்டீஸ், பயோடேட்டா, லோன் மனு என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். பக்கத்து அரசாங்கப் பாக்டரியில் வேலை பார்க்கும் மராத்திக்காரர்கள், தமிழர்கள் எல்லோரும் பிள்ளைகளின் ஸ்கூல் விண்ணப்பத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் கட்கியில் என் முகம் தெரியாதவர் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் என் உயிரை எடுக்கப்போகிறது.

சொந்த ஊர் சிவகாசி என்பதால் அச்சுத் தொழில் என் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று ஜோஷி நம்பினார். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. (சிவகாசியில் நான் படித்தது வரலாறு. அச்சகத்துக்குள் போனதெல்லாம் ஓசிக் காலண்டர் வாங்குவதற்காக.)

என் கம்ப்யூட்டர் புகழை நம்பாத ஒரே ஆள் என் மாமனார் ஏழுமலை. அவருடைய அப்பா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து கட்கிக்கு வந்துவிட்ட குடும்பம். முழு ஆயுளையும் பாக்டரியில் இரும்போடு கழித்தவர். என் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"நாளெல்லாம் உக்காந்துக்கினே இருக்கறதுக்குப் பேரு வேலையா மாப்ளே?"

கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டார். நான் ஒருநாளும் சரியான பதில் சொன்னதில்லை.

மனிதர் நல்லவர். பாக்டரி ஆள் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பார். பாடையில் தோள் கொடுக்காமல் திரும்ப மாட்டார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று, பக்கவாதம் வந்து படுத்தபோது, அவரை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. முதலில் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. சாயங்காலம் பாக்டரி சங்கு ஊதினால், தன்னைத் தூக்கி ஜன்னல் பக்கமாக உட்கார வைக்கச் சொல்வார். சந்து முனையில் சைக்கிள்கள் வரிசையாகப் போவது தெரியும். கடைசி சைக்கிள் போகும்வரை பார்ப்பார்.

"ஒருத்தனும் இங்க பிரேக் புடிக்கல பாரு" என்பார் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம். அத்தை அவரைத் திரும்பப் படுக்க வைப்பார்.

ஒருநாள் காலையில் அவர் போய்விட்டார். சாயங்காலம் எடுப்பது என்று முடிவானது. என் மனைவி லலிதா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் சேகர் புனேயிலேயே கோர்படியில் ரயில்வேயில் இருந்தான், தகவல் போய் வந்துசேர்ந்திருந்தான். நான் ஓர் ஓரமாக நின்று அப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தேன். அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க. அவரு போட்டோ பெருசா, பேரு தமிழ்ல இருக்கணும். பாக்டரி சுட்டி ஆவறதுக்குள்ள, ஷிப்ட் வுடறதுக்குள்ள கேட்டாண்ட ஒட்டிடணும். பாத்தா வருவாங்க. சங்கு ஊதி சைக்கிள் எடுத்துட்டாங்கன்னா ஆளுக்கு ஒரு பக்கம் பூடுவாங்க, அப்புறம் ஒருத்தரும் கெடைக்க மாட்டாங்க."

"சரிங்கத்தை."

"அவரு எத்தினி பேரைத் தூக்கியிருக்காரு. அவரைத் தூக்க நாலு பேராவது வரணும் மாப்ளே."

அன்றைய தேதியில் யார் கையிலும் செல்போன் கிடையாது. அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த நோட்டீஸ் சங்குக்கு முன்னால் கேட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால், அவர் ஜன்னல் வழியாகப் பார்த்த அதே சைக்கிள்கள் அன்றைக்கும் அப்படியே போய்விடும்.

மாமனாருக்குப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. அவர் நன்றாக இருந்த காலத்துப் படம் என்று லலிதா சுவரைக் காட்டினாள். எங்கள் கல்யாண குரூப் போட்டோ. நானும் அவளும் மாலையோடு நிற்க, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் அடைந்துகொண்டு நின்றார்கள். வரிசையின் கடைசியில் மாமனார். கல்யாணத்துக்காகத் தலைக்குச் சாயம் அடித்து, முறைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிரேமைப் பிரித்துப் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

ஜோஷி விஷயத்தைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நல்ல மனிதர். மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, "சாவகாஷ் கர்" என்றார், பதறாமல் செய் என்று. அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள் என்ன செய்திருப்பான்? முகத்தை மட்டும் ஸ்கேன் செய்து, கீழே பெயரைப் போட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் சாதாரண ஆள் இல்லையே. 'உட்கார்ந்துகொண்டே இருப்பதும் வேலைதான் மாமா' என்று அவருக்குக் காட்ட எனக்கிருந்த கடைசி சந்தர்ப்பம் அது. அவர் பார்க்கப்போவதில்லை என்ற சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

முகம் படத்தில் கடுகளவு இருந்ததால், ஸ்கேனரால் முடிந்த உச்சத் துல்லியத்தில் ஸ்கேன் செய்தேன். அதுவும் முழுப் படத்தையும் செய்தேன். ஏன் முழுப் படம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பிறகு டிசைன் மென்பொருளில் முட்டை வடிவத்தில் ஒரு சட்டம் போட்டு, அதற்குள் அந்தப் படத்தைச் செருகி, மாமனாரின் முகம் மட்டும் தெரியும்படி நகர்த்தினேன். சட்டத்துக்கு ஒரு நிழல். பின்னால் சூரிய அஸ்தமனம், ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்குக் கரையும்படி. (கடையிலிருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர். சாம்பலிலிருந்து சாம்பலுக்குத்தான் கரையும்.) நான்கு ஓரங்களிலும் பூவரிசை, ஒவ்வொரு பூவிலும் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக. 'கண்ணீர் அஞ்சலி' என்று தமிழில் பெரிய எழுத்து, படத்தின்கீழ் பெயர், அத்தை ஆசைப்பட்டபடி. பாக்டரியின் மராத்திக்காரர்களுக்காக அதே விவரம் மராத்தியில். கடைசி வரியில் வீட்டு முகவரி மட்டும் ஆங்கிலத்தில்.

பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்டரின் பச்சை விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. தகவல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஜோஷி இன்னொரு டீ சொன்னார். திரையில் ஒரு சின்னப் பெட்டி 'முதல் பக்கம்' என்று காட்டி அப்படியே நின்றது. லிப்ட் வரவில்லை என்றால் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, நான் அந்த ரகம். இன்னொரு முறை பிரிண்ட் கொடுத்தேன். இன்னொரு முறையும் கொடுத்தேன்.

"தாம்ப் ரே" என்றார் ஜோஷி. பொறு என்று. பிரிண்டர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொறுப்பதுதான். அது எவ்வளவு பெரிய வைத்தியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒருவழியாக ஒரு தாள் ஊர்ந்து வெளியே வந்தது. எடுத்துத் திருப்பினேன். மேல் பாதியில் மாமனார். அச்சு அசலாக அதே முறைப்பு. கீழ்ப் பாதி வெள்ளை. பிரிண்டரின் நினைவகம் நிரம்பி, பாதிப் பக்கத்தோடு கையை விரித்துவிட்டது. பெயர் இல்லை, முகவரி இல்லை, அவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பாதியில் நிறுத்திய அழுகை அப்போது வந்தது. ஜோஷி என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். 'படம் சரியாக வந்துவிட்டது, இனி வேகம் மட்டும்தான் பிரச்சினை' என்று நான் மனதில் எழுதிக்கொண்டதும் அப்போதுதான்.

பிரிண்ட் வரிசையில் நின்ற வேலைகளையெல்லாம் அழித்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். மாமனாருக்கு நான் செய்த அலங்காரங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். முதலில் நிழலை எடுத்தேன். பச்சை விளக்கு சிமிட்டியது. அஸ்தமனத்தை எடுத்தேன். சிமிட்டியது. அத்தனை இதழ்களோடும் பூவரிசையைத் தூக்கினேன். அதற்கும் சிமிட்டியது. ஒவ்வொரு முறையும் ரத்துசெய், அணை, போடு, மறுபடி கொடு. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஜோஷி மாட்டியிருந்த விநாயகர் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன்.

அடுத்து என் சந்தேகம் எழுத்துருக்கள் மேல் விழுந்தது. மூன்று மொழி, மூன்று எழுத்துரு, பாவம் இந்தச் சின்ன பிரிண்டர் எத்தனையைத்தான் சுமக்கும்? தமிழில் கைவைக்க முடியாது, அது அத்தை கேட்டது. முகவரி வேண்டும். ஆகவே மராத்தியை முழுசாக எடுத்துவிட்டேன். படம் இருக்கிறது, பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்படியும் விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது.

இதற்குள் கம்ப்யூட்டரும் நொண்டியடித்தது. எதைத் தொட்டாலும் திரை புதிதாக வரைந்து முடிக்க யுகம் ஆனது. அதனால் படங்களைக் காட்டாமல் எல்லாவற்றையும் வெறும் கோடுகளாகக் காட்டும் பார்வைக்கு மாற்றினேன். சட்டம் ஒரு முட்டைக் கோடாகவும், படம் ஒரு சாம்பல் பெட்டியாகவும் மாறின. மாமனார் முகம் மறைந்தது. வேலை வேகமாக நடந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. சட்டத்துக்குள் தெரிந்தது மாமனார் ஒருவர்தான். ஆனால் அந்த மென்பொருள் மிச்சத்தை மறைத்துத்தான் வைக்கும், வெட்டியெறியாது. முட்டைச் சட்டத்துக்குப் பின்னால் என் கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஒளிந்துகொண்டு நின்றது. சித்தப்பாக்கள், அத்தைமார்கள், பட்டுப்புடவை ஜரிகை, பின்னால் தொங்கிய வாழைக்குலை எல்லாவற்றையும் உச்சத் துல்லியத்தில் ஒவ்வொரு தடவையும் பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாவி நான் அந்த அப்பாவி பிரிண்டரைத் திட்டியிருக்கிறேன்.

மராத்தியைத் திரும்பப் போட்டிருக்கலாம். முகத்தை மட்டும் வெட்டியெடுத்திருக்கலாம். அதற்கெல்லாம் நேரமில்லை, ஷிப்ட் முடியப்போகிறது. படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, துல்லியத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, மறுபடி சட்டத்துக்குள் செருகினேன்.

இந்த இடத்தில் அந்த மென்பொருளின் ஒரு மரியாதைப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சட்டத்துக்குள் எதைச் செருகினாலும், செருகிய படத்தின் நட்ட நடுவைச் சட்டத்தின் நட்ட நடுவில் அது தானாகவே உட்கார வைக்கும். நமக்கு வேண்டிய இடத்துக்கு நாம்தான் நகர்த்திக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆனால் என் திரையில் இருந்தது வெறும் கோடு. பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்டர் மூச்சுகூட விடவில்லை. சர் சர்ரென்று தாள்களைத் தள்ளியது. அத்தனை பிரதிகளும் கண்மூடித் திறப்பதற்குள் வந்து, முகம் கீழே பார்க்க, தட்டில் அடுக்கடுக்காக விழுந்தன. வீட்டில் மாமனார் கிடக்கிறார், நான் கடையில் கைதட்டிக் குதித்தேன். ஜோஷி மரியாதைக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

தாள்களை அப்படியே சுருட்டினேன். டியூஷன் நோட்டீஸ் ஒட்டும் விட்டல் பசைவாளியோடு வாசலில் காத்திருந்தார். அவர் கட்கிக்குப் புதுசு. சுருளை லேசாகப் பிரித்துத் தன் பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"பாவு ஹோதே கா?" என்றார் தணிந்த குரலில். உன் அண்ணனா என்று.

"நாஹி, சாஸரே." மாமனார் என்றேன்.

"இத்கே தருண்?" இவ்வளவு சின்ன வயசிலா?

சாயம் அடித்த தலையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "கல்யாணத்துக்காக முடியைக் கறுப்பாக்கியிருந்தார்" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் விளக்கம் கொடுத்தேன். விட்டல் நெடுநேரம் தலையாட்டினார். துக்கத்தில் இருப்பவனிடம் அதற்குமேல் என்ன கேட்பது என்று நினைத்திருக்க வேண்டும். சைக்கிளில் ஏறிப் பாக்டரி கேட்டைப் பார்த்துப் போனார்.

நான் வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். "ஒட்டப் போயாச்சு அத்தை. சங்குக்கு முன்னாடி ஒட்டிருவாங்க."

"பெருசா தெரியறாரா?"

"பளிச்சுன்னு தெரியிறாரு அத்தை."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் என் கையைப் பிடித்ததில்லை.

சங்கு ஊதியது. வாசலில் நின்ற எல்லோரும் சந்து முனையைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு சைக்கிள் சந்துக்குள் திரும்பியது. பின்னால் இன்னொன்று. பிறகு சைக்கிள்களாக வந்துகொண்டே இருந்தன, டிபன் பாக்ஸ் ஆட, ஹேண்டில்பாரில் மாலை தொங்க. பஜார்க்காரர்களும் வந்தார்கள். சுற்றுவட்டாரத் தமிழ்ப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சந்து கொள்ளவில்லை. என் மாமனாருக்கு இவ்வளவு பேரா! வந்தவர்களுக்கு உட்கார ஏதாவது வேண்டுமே என்று உள்ளே போய் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

முன்னால் வந்தவர் காம்ளே. பாக்டரியில் வேலை செய்பவர், அவர் மகளின் காலேஜ் விண்ணப்பத்தை நான்தான் அடித்துக் கொடுத்தேன். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மாலை நழுவிக் கீழே விழுந்தது.

"அரே! தூ ஜிவந்த் ஆஹேஸ்?"

உயிரோடு இருக்கிறாயா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? "ஆமாம், உட்காருங்க" என்றேன்.

அதே நேரத்தில் உள்ளே அடுத்த சந்து சரோஜாக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து லலிதாவின் மேல் விழுந்தார். "அடிப் பாவி, இந்த வயசுலயே உன் பொட்ட அழிச்சுட்டுப் போயிட்டானே! ஒரு கொழந்தையக்கூடக் குடுக்காம போயிட்டானே!"

லலிதா அழுகையை நிறுத்திவிட்டு அவரை விழித்துப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினாள். "அக்கா, அவரு அங்க நிக்கறாரு. நாற்காலி தூக்கிக்கினு."

சரோஜாக்கா திரும்பினார். நான் நாற்காலியோடு ஒரு கும்பிடு போட முயன்றேன்.

"அப்ப யாரு போனது?"

"அப்பா."

"ஓ. பெரியவரா" என்றார் சரோஜாக்கா. அந்த 'ஓ'வை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவிழ்த்த முடியை அள்ளி முடிந்துகொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்.

சேகர் எங்கிருந்தோ ஒரு நோட்டீஸோடு ஓடிவந்தான். பசை இன்னும் காயவில்லை. "மாமா, இன்னா மாமா இது!"

பார்த்தேன். குரூப் போட்டோவின் நட்ட நடுவில் நின்றது யார்? மாப்பிள்ளை. அந்த முட்டைச் சட்டத்துக்குள் அளவெடுத்ததுபோல என் முகம். கழுத்து நிறைய மாலை, நெற்றியில் சந்தனம், பிளாஷ் அடித்ததில் பாதி மூடிய கண்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. சாவுக்கென்றே எடுத்த படம் என்று சொன்னால் நம்பலாம். கீழே மாமனாரின் பெயர் இருந்தது, தமிழில். கேட்டில் நின்று பார்த்த மராத்திக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. கட்கியில் பிறந்து வளர்ந்த நம்மவர்களிலும் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். அவர்கள் படித்தது என் முகத்தையும் ஆங்கிலத்தில் இருந்த முகவரியையும்தான். மராத்தியைத்தான் நான் பிரிண்டரின் நன்மைக்காக எடுத்துவிட்டேனே.

விஷயம் சந்து முழுக்கப் பரவியது. சிலர் சிரித்தார்கள், சாவு வீடு என்று உடனே வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். பயோடேட்டா அடிக்கக் கொடுத்திருந்த ஒருவர், நாளைக்குக் கிடைக்கும்தானே என்று காதோடு கேட்டார். அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கூட்டம் இளக ஆரம்பித்தது. செத்தது சின்னப் பையன் இல்லை, என்றைக்கோ ரிடையரான ஒரு பெரியவர் என்றதும், பின்வரிசையில் இருந்தவர்கள் மெதுவாகச் சைக்கிளைத் திருப்பினார்கள். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? கூப்பிட்டது என் முகம்தானே. ஆனாலும் அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அத்தை வெளியே வந்தார். காலையிலிருந்து மாமனாரின் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை அவர். வாசற்படியில் நின்று சந்துப் பக்கம் பார்த்தார். முனைவரை சைக்கிள், ஆள், மாலை. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஹிந்தியும் தமிழும் கலந்து உரக்கச் சொன்னார்.

"ஆகயே ஆப் லோக்? வந்துட்டீங்களா எல்லாரும்? பார்த்துக்கினே இருந்தாரே. தினமும் உங்களத்தான் பார்த்துக்கினு இருந்தாரு."

திருப்பிய சைக்கிள்கள் அப்படியே நின்றன. ஸ்டாண்ட் போடும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. காம்ளே கீழே கிடந்த மாலையை எடுத்துத் தூசியைத் தட்டி உள்ளே கொண்டுபோய் மாமனாருக்குப் போட்டார். எனக்காக வாங்கிய மாலைகள் அத்தனையும் அவர்மேல் விழுந்தன. முகமே தெரியாத அளவுக்கு மாலை. தூக்கும்போது தோள் மாற்றிக்கொள்ள ஆள் போட்டி போட்டார்கள். பின்னால் நடந்துபோன என்னை மட்டும் யாரும் தோள் கொடுக்க விடவில்லை. "நீ தள்ளி வா, உனக்கு இன்னைக்கு நேரம் சரியில்ல" என்றார்கள்.

சேகர் மறுநாள் ஓடி ஓடி நோட்டீஸ்களைக் கிழித்தான். விட்டல் நேர்மையானவர், நல்ல பசை போட்டிருந்தார். பஜார் முனையில் ஒன்று மட்டும் உரிக்கவே வரவில்லை. மழைக்காலம் வரும்வரை நான் தினமும் என் கண்ணீர் அஞ்சலியைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

அத்தையிடம் நாங்கள் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், அவருக்கு வந்த கூட்டம் கட்கியில் யாருக்கும் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் லலிதா எழுந்து சமையலறைக்குப் போவாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடிப்பேன்.

முதல் வருஷத் திதி முடிந்த அன்று, சாப்பிட்டுக் கைகழுவி வந்த என்னிடம் அத்தை வெற்றிலை மடித்தபடியே சொன்னார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருக்கீங்களா மாப்ளே? முனையில உங்க மூஞ்சி ஒட்டியிருந்துது. நான் கறிகா வாங்கப் போவ வேணாமா?"

"மன்னிச்சிருங்க அத்தை. பிரிண்டர் ரொம்ப ஸ்லோவா..."

"வந்தாங்க இல்ல? அது போதும் எனக்கு. நெசமாவே அவரு மூஞ்சியப் போட்டிருந்தா எத்தினி பேரு வந்திருப்பான்னு எனக்குத் தெரியும்." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "நான் போனாலும் உங்க போட்டோவையே போட்டுருங்க மாப்ளே. அப்பதான் ஜனம் வரும்."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. பிறந்தநாளுக்கு ஆள் குறைவாக வந்தால், "அவரு போட்டோவைப் போட்டுக் கூப்பிட்டிருக்கணும்" என்பான் சேகர். அத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

சில வருஷங்களுக்குப் பிறகு அத்தையும் போனார். அதற்குள் ஜோஷியிடம் கலர் பிரிண்டர் வந்திருந்தது. அத்தையின் முகத்தை மட்டும் ஸ்கேன் செய்தேன். பூவரிசை, அஸ்தமனம் எதுவும் இல்லை. தமிழில், மராத்தியில், ஹிந்தியில் பெயர். ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்து, ஜோஷியையும் பார்க்கச் சொல்லி, நானே கொண்டுபோய் ஒட்டினேன். பிரிண்டர் ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. என் வாழ்நாளில் நான் அச்சடித்த நோட்டீஸ்களில் ஒரு குறைகூட இல்லாதது அது ஒன்றுதான்.

சங்கு ஊதியது. நானும் லலிதாவும் வாசலில் நின்றோம். சைக்கிள்கள் இப்போது மோட்டார் சைக்கிள்கள். சந்து முனையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காம்ளே வந்தார். சரோஜாக்கா வந்தார். அப்புறம் இரண்டு மூன்று பேர். தூக்குவதற்கு ஆள் போதாமல் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

லலிதா ரொம்ப நேரம் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்ங்க. உங்க போட்டோவையே போட்டிருக்கலாம்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள். ஆமாம் என்றேன்.